பாட்டன் ஓட்டும் பேரன் உரிமையும்



ஓட்டுரிமையைக் காகிதத்தில் எழுதிவிட்டால் மாத்திரம் அது சிறுபான்மையோர் கைக்கு வந்து சேர்ந்துவிடுமா என்பதற்கு அமெரிக்கா தேசத்தையே சாட்சியாகச் சொல்லுவேன்.

அங்கு 1870-ல், நிறத்தையோ முன்னாள் அடிமைத்தனத்தையோ காரணமாகக் காட்டி யாருக்கும் ஓட்டை மறுக்கக் கூடாதென்று அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். தெற்கே உள்ள வெள்ளையர்கள் என்ன செய்தார்கள்? கறுப்பு மக்களுக்கு ஓட்டில்லை என்று வெளிப்படையாகச் சட்டம் செய்தார்களா? இல்லை. 1890-ல் மிஸிஸிப்பி மாகாணத்தில், தலைக்கு 2 டாலர் வரி கட்ட வேண்டும், அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியை வாசிக்கவாவது பொருள் சொல்லவாவது வேண்டும் என்றார்கள். பரீட்சை வைப்பவன் யார்? வெள்ளை உத்தியோகஸ்தன். தேறவில்லை என்று தீர்ப்புச் சொல்லுகிறவன் யார்? அவனேதான்!

அப்படியானால் படிக்காத வெள்ளையன் கதி என்ன? அதற்கும் 1898-ல் லூயிஸியானாவில் வழி கண்டார்கள். 1867 ஜனவரி 1-ந் தேதியிலோ அதற்கு முன்போ ஓட்டுரிமை பெற்றிருந்தவனுக்கும், அவன் மகனுக்கும் பேரனுக்கும் பரீட்சை வேண்டாமாம். பாட்டன் அடிமையென்றால் பேரன் வெளியே நிற்க வேண்டியதுதான்! பிறவியினால் யோக்கியதை என்பதற்கு வேறு பெயர் உண்டா? அம்மாகாணத்தில் 1896-ல் 1,30,334 ஆக இருந்த கறுப்பு ஓட்டர்கள் 1904-ல் 1,342 ஆனார்கள்.

1965 மார்ச் 7-ந் தேதி, செல்மாவில் ஓட்டுக்காக அமைதியாக நடந்து சென்றவர்களைப் போலீஸார் தடிகொண்டு அடித்தார்கள். அவர்கள் சிந்திய ரத்தம் வீண்போகவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 6-ல் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. அக்கிரமம் செய்த மாகாணங்களில் பரீட்சை நிறுத்தப்பட்டது. அவை தேர்தல் விதி எதையும் மாற்றுவதானால் மத்திய சர்க்காரிடமோ வாஷிங்டன் கோர்ட்டிலோ முன்னதாக அனுமதி பெற வேண்டும் என்றும் ஏற்பட்டது. மிஸிஸிப்பியில் தகுதியுள்ள கறுப்பு மக்களில் 100-க்கு 7 பேர்கூடப் பதிவாகாதிருந்த நிலை மாறி, 1967-க்குள் ஏறக்குறைய 60 பேர் பதிவானார்கள்.

ஆனால் 2013-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகள், காலம் மாறிவிட்டது, அந்த மாகாணங்களைப் பொறுக்கியெடுத்த பழைய கணக்கு இனிச் செல்லாது என்றார்கள். நான்கு பேர் ஒப்பவில்லை. வேலி இருப்பதால் மாடு மேயவில்லை. மாடு மேயவில்லையே என்று வேலியைப் பிடுங்கலாமா? தீர்ப்பு வந்த அன்றே டெக்ஸாஸ் சர்க்கார், படம் ஒட்டிய அடையாளச் சீட்டுக் கேட்கும் சட்டத்தை அமுல் நடத்தப் போவதாக அறிவித்தது. அதன்படி துப்பாக்கி லைசென்ஸ் செல்லும்; மாணவனின் காலேஜ் சீட்டு செல்லாது!

கள்ள ஓட்டைத் தடுக்க வேண்டாமா என்று கேட்பார்கள். தாராளமாகத் தடுக்கட்டும். ஆனால் நல்ல ஓட்டரையும் சேர்த்துத் தடுப்பது என்ன நியாயம்?

ஆகவே தோழர்களே! ஒரு சட்டம் என்ன சொல்லுகிறது என்று மாத்திரம் பார்க்காதீர்கள். அது யாரை உள்ளே விடுகிறது, யாரை வாசலில் நிறுத்துகிறது என்று கணக்கெடுத்துப் பாருங்கள். அப்போது சூழ்ச்சி தானாகவே வெளிப்படும்.