நாமக்கல் மண்ணும் நிலவு வண்டியும்



90 நாள் பணிக்கென 2004-இல் செவ்வாயில் இறங்கிய ‘ஆப்பர்ச்சூனிட்டி’ ஊர்தி, 2018 ஜூனில் புழுதிப்புயல் கதிரொளியை மறைக்கும்வரை உழைத்தது. அதன் கடைசி மொழியென்று உலகம் கண்கலங்கிப் படித்த வரியோ, பொறியாளர்கள் தந்த தகவலை ஒரு செய்தியாளர் தம் நடையில் எழுதியது. எந்திரம் ஏது பேசிற்று!

2023-இல் நிலவில் உறங்கிய ‘பிரக்யா’னுக்கு நம்மிலும் சிலர் தாலாட்டுப் பாடினார்கள், தவறில்லை. ஆனால் அந்த 26 கிலோ ஆறு சக்கர வண்டியின் ஓட்டத்தைச் சோதிக்க, நிலவு மண்ணை ஒத்ததென்று நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறையையல்லவா பொடித்தார்கள்? அந்த ஊர்களை எந்தக் கவிதை பாடியது?

காட்பாடியில் ரயிலேறி வாணியம்பாடியில் இறங்கினால் காவலூர் தொலைவில்லை. அங்கே 1986-இல் நிறுவிய 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அடுத்த கவியரங்கை ஜவ்வாது மலையடிவாரத்தில் நடத்தலாமே.