ஒட்டாவாவிலிருந்து ஒரகடம் வரை



என்னைக் காட்டிலும் கல்வியாலும் அனுபவத்தாலும் மூத்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்க, இக்கருத்தரங்கின் தலைமைப் பொறுப்பை என்னிடம் ஒப்புவித்த அமைப்புக் குழுவினரின் அன்புக்கு நன்றி சொல்வதா, அந்த அன்பு என்மேல் ஏற்றிய பாரத்தை நினைத்து அஞ்சுவதா என்று சில வாரங்களாகவே எனக்குத் தடுமாற்றம் இருந்துவந்தது. பொருளாதாரமும் சட்டமும் தனித்தனிப் பாதையில் நடக்கப் பழகிவிட்ட இக்காலத்தில், இரு துறையினரையும் ஒரே பந்தலின்கீழ் அமர்த்திப் பேசவைப்பது எளிய காரியமன்று. அதற்கு ஈக்காட்டுத்தாங்கலைத் தேர்ந்ததற்காக அவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். 1958-இல் தோன்றிய கிண்டித் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகள் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. மோட்டார் உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் ஒரு பட்டறைக்காரருக்கு, டெல்லியிலோ டோக்கியோவிலோ ப்ரஸ்ஸல்ஸிலோ கையெழுத்தாகும் உடன்படிக்கையின் அட்டவணையில் ஒரு வரி மாறினாலும், அடுத்த மாதத்து ஆர்டர் மாறக்கூடும். உங்களில் பலர் ஏறிவந்த மெட்ரோ ரயில்கூட ஜப்பானிய ஸ்தாபனத்தின் கடனுதவியால் எழுந்ததுதான்; ஜப்பான் இவ்வுரையில் பின்னரும் வரும்.

அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்த தடையற்ற வர்த்தக உடன்படிக்கைகளின் பொருளாதார, சட்ட விளைவுகள் என்பது நமக்கு இடப்பட்ட தலைப்பு. அமெரிக்காவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே 2013 ஜூலையில் தொடங்கிய பேச்சு 2016-இன் இறுதியில் நின்றுபோனதையும், கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2016 அக்டோபர் 30-ஆம் தேதி கையெழுத்திட்ட உடன்படிக்கை மறு ஆண்டு செப்டம்பர் முதல் தற்காலிக அமலில் இருந்துவருவதையும் இந்த அவைக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. முதற்சொன்ன உடன்படிக்கையால் ஐரோப்பாவுக்கு ஆண்டுக்கு 11,900 கோடி யூரோவும் அமெரிக்காவுக்கு 9,500 கோடி யூரோவும் ஆதாயம் விளையும் என்று லண்டன் ஆராய்ச்சி நிலையம் ஒன்று 2013-இல் கணித்ததையும், வேறொரு கணித மாதிரியைக் கையாண்ட டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துக் கபால்டோ மறு ஆண்டே ஐரோப்பாவுக்கு வேலையிழப்பும் வருமான இழப்பும் நேரும் என்று எழுதியதையும் நீங்கள் அறிவீர்கள். இரு கணக்கிலும் விடையின் பெரும்பகுதி எடுத்துக்கொண்ட அனுமானங்களிலேயே அடங்கியிருந்தது என்பது என் அபிப்பிராயம். அதை விரித்து ஆராயும் கட்டுரைகள் பிற்பகல் அமர்வில் வருகின்றன. அவற்றின் சுவையை நான் முன்கூட்டியே கெடுக்க விரும்பவில்லை.

நான் வர்த்தகத்துக்கு விரோதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்றை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன். வங்காளதேசத்துப் பனியன் சுங்கமின்றி ஐரோப்பாவுக்குள் நுழைய, 2017-இல் சலுகையைத் திரும்பப் பெற்ற இலங்கையின் ஆடையும் அவ்வாறே நுழைய, திருப்பூர்ச் சரக்கு மட்டும் வரி செலுத்திக்கொண்டு அவற்றோடு போட்டியிட்டு வந்த ஆண்டுகள் எத்தனை குடும்பங்களின் கூலியைக் குறுக்கியிருக்கும் என்பதை நான் அறிவேன். ஆகவே உடன்படிக்கை வேண்டுமா வேண்டாமா என்ற பழைய பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. யாருடைய சம்மதத்தின்மேல் அது செய்யப்படுகிறது, அதன் கடன் யார் தலையில் விடிகிறது என்பதே என் கேள்வி.

அட்லாண்டிக்கின் அக்கரைக்கே சென்று நம் நாடு ஒரு வர்த்தக உடன்படிக்கையில் கையெழுத்திட்டதுண்டா என்று கேட்டால், நம்மில் பலர் சற்றே தயங்குவார்கள். உண்டு. 1932 ஆகஸ்டு 20-ஆம் தேதி, கனடாவின் தலைநகரான ஒட்டாவாவில், சாம்ராஜ்யப் பொருளாதார மகாநாட்டின் முடிவில் இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே அது கையெழுத்தாயிற்று. சர் அதுல் சாட்டர்ஜியின் தலைமையில் சென்ற இந்தியப் பிரதிநிதிகளுள் ஒருவர் கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார்; பின்னாளில் பிரெட்டன் உட்ஸ் மகாநாட்டுக்குச் சென்றவரும், சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியாக அமர்ந்தவரும், சிலப்பதிகாரத்துக்கு உரை கண்டவரும் அவரேதான். பிரிட்டிஷ் சரக்குகள் பலவற்றுக்குப் பொதுவாக நூற்றுக்குப் பத்து வீதமும் மோட்டார் வண்டிகளுக்கு ஏழரை வீதமும் நாம் சலுகை தந்தோம். நம்முடைய தேயிலைக்கும், பதனிட்ட தோலுக்கும், ஆளிவிதைக்கும் அவர்கள் சலுகை தந்தார்கள்.

இவ்விஷயத்தை நான் முன்பு ஓர் அவையில் எடுத்துச் சொன்னபோது, நான் மிகவும் மதிக்கும் பேராசிரியர் ஒருவர், அது அடிமை நாட்டின் உடன்படிக்கை, சுதந்திர நாடு அதிலிருந்து கற்பதற்கு ஒன்றுமில்லை என்று ஒரே வாக்கியத்தில் விவாதத்தை முடித்துவைத்தார். அன்று நேரமின்மையால் நான் பதில் கூறவில்லை. இன்று தலைவருக்குரிய சலுகையைப் பயன்படுத்திக்கொள்கிறேன். ஒட்டாவா உடன்படிக்கையின் சரத்துகள் சாம்ராஜ்யத்தின் நலத்துக்காக வகுக்கப்பட்டவை என்பதில் எனக்கும் அவருக்கும் வேற்றுமை இல்லை. ஆனால் அது நடைமுறைக்கு வந்த வழியை அவர் பார்க்க மறுத்துவிட்டார். 1932-இன் இறுதியில் அது மத்திய சட்டசபையின் முன் வைக்கப்பட்டு, சபையின் கமிட்டி ஒன்றால் ஆராயப்பட்டு, நீண்ட விவாதத்தின் பின்னரே ஏற்கப்பட்டது. அப்போதும் சபை வெறுமனே தலையசைத்துவிடவில்லை. உடன்படிக்கை வேலை செய்யும் விதத்தை அரசாங்கம் ஆண்டுதோறும் அறிக்கையாகத் தரவேண்டும், மூன்று ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சபையின் முன் வைக்கவேண்டும், நாட்டுக்கு நன்மையில்லை என்று சபை கண்டால் விலகுவதற்கு ஆறு மாத அறிவிப்புக் கொடுக்கவேண்டும் என்று கட்டுப்படுத்தியது. 1936 மார்ச்சு மாதத்தில், ஜின்னா கொண்டுவந்த திருத்தத்தின்படி சபை உடன்படிக்கைக்கு எதிராக வாக்களித்தது. அரசாங்கமும் மே மாதத்தில் விலகல் அறிவிப்பை அனுப்பியது. புதிய உடன்படிக்கை 1939-இல் வரும்வரை பழைய சலுகைகள் தற்காலிகமாக நீடித்தன என்பதும், அந்நிய அரசாங்கம் சபையின் வாக்கை மதிக்காத சந்தர்ப்பங்கள் பல உண்டு என்பதும் மெய்யே. ஆயினும், பொறுப்பாட்சி இல்லாத, வாக்குரிமை ஒரு சிறு கூட்டத்துக்கே கிடைத்திருந்த அச்சபை கேட்டுப் பெற்ற மறுபரிசீலனை உரிமையை, வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்த நம் சபைகள் எந்த வர்த்தக உடன்படிக்கையின் விஷயத்தில் கேட்டுப் பெற்றிருக்கின்றன? பேராசிரியர் இன்று அவையில் இருக்கிறார். அவருடைய விடையை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

அவ்வாண்டுகளின் இன்னொரு ஆவணமும் நம்மவர்களால் புறக்கணிக்கப்பட்டுக் கிடக்கிறது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தின் 106-ஆம் பிரிவைச் சொல்கிறேன். அந்நிய நாட்டோடு செய்த ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்கு என்ற ஒரே காரணத்தைக் காட்டி, மாகாணத்துக்குரிய விஷயத்தில் மத்தியச் சட்டசபை சட்டமியற்ற வேண்டுமானால், கவர்னரின் முன்சம்மதம் பெறவேண்டும் என்று அப்பிரிவு விதித்தது. ஈராண்டுக்குப் பின், கனடாவின் தொழிலாளர் ஒப்பந்த வழக்கில், மத்திய அரசாங்கம் ஒப்பந்தம் செய்யலாம், ஆனால் மாகாண விஷயத்தில் அதை நிறைவேற்றும் அதிகாரம் மாகாணத்துக்கே உரியது என்று பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. இந்த இரண்டையும் அறிந்திருந்தும் நம் அரசியல் சாசனம் 253-ஆம் ஷரத்தில் எதிர்த்திசையில் சென்று, ஒப்பந்தத்தை நிறைவேற்ற எந்த விஷயத்திலும் பாராளுமன்றம் சட்டமியற்றலாம் என்று வைத்தது. ஒப்பந்தம் செய்யும் முறையை வகுக்கும் பொதுச் சட்டம் எதையும் பாராளுமன்றமும் இதுவரை இயற்றவில்லை. ஆகவே கையெழுத்திடும் அதிகாரம் முழுவதும் நிர்வாகத்தின் கையிலேயே தங்கிவிட்டது.

இதன் விளைவு நம் வாசலுக்கே வந்த கதைதான் ஒரகடம். 2008-இல் ரெனோ, நிஸ்ஸான் நிறுவனங்களோடு தமிழ்நாட்டு அரசு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்து, விற்பனை வரிகளைத் திருப்பித் தருவது முதலிய ஊக்கச் சலுகைகளை வாக்களித்தது. 2010-இல் அங்கே தொழிற்சாலை திறந்தது. அந்த ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 2011 பிப்ரவரியில் இந்திய அரசு ஜப்பானோடு விரிவான பொருளாதாரக் கூட்டு உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் அது அமலுக்கு வந்தது. சலுகைத் தொகை பற்றித் தகராறு மூண்டபோது, நிஸ்ஸான் அந்த உடன்படிக்கையின் முதலீட்டு அத்தியாயத்தைப் பற்றிக்கொண்டு, 5,000 கோடி ரூபாய்க்குமேல் கேட்டு இந்தியாவின்மீது சர்வதேச நடுவர் மன்றத்தில் வழக்கிட்டது. வரி விவகாரம் உடன்படிக்கைக்கு வெளியே நிற்பது என்றும், 2008 ஒப்பந்தத்திலேயே தகராறு தீர்க்கும் வழி இருக்கிறது என்றும் இந்தியா எழுப்பிய ஆட்சேபங்களை மன்றம் 2019 ஏப்ரல் 29-ஆம் தேதி நிராகரித்தது. 2020-இல் வழக்குச் சமரசத்தில் முடிந்தது. 2025 மார்ச்சில், கூட்டுத் தொழிற்சாலையில் தன் பங்கை ரெனோவுக்கே விற்பதாக நிஸ்ஸான் அறிவித்தது.

இதை வெறும் பாக்கி வசூல் வழக்கு என்று சட்டக் கல்லூரி நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய நுட்பமான அறிவுக்கு நான் தலைவணங்குபவன். ஆனாலும் இக்கருத்தை ஏற்க இயலவில்லை. கோட்டையில் எழுந்த ஒரு வாக்குறுதி, இந்தியச் சட்டத்தின்கீழ், இந்திய மன்றங்களின்முன் தீர்க்கப்படும் என்ற எதிர்பார்ப்போடு பிறந்தது. பின்னர் வந்த ஓர் உடன்படிக்கை அதன் இயல்பையே மாற்றிச் சர்வதேசக் கடமையாக்கிவிட்டது. அந்த மாற்றத்துக்குச் சென்னைச் சட்டமன்றத்தின் சம்மதம் தேவைப்படவில்லை. கேட்கவேண்டும் என்ற விதியே கிடையாது. மாநிலங்கள் சர்வதேசச் சட்டத்தில் கட்சிக்காரர்கள் அல்லர், ஆகவே அவற்றைக் கேட்பதில் பொருளில்லை என்ற வாதமும் இதே வட்டாரத்திலிருந்து வருகிறது. அரசின் பொறுப்பைப் பற்றி 2001-இல் சர்வதேசச் சட்ட ஆணையம் வகுத்த விதிகளின் 4-ஆம் பிரிவு, பிராந்திய அமைப்பின் செயலையும் அரசின் செயலாகவே கொள்கிறது. மாநிலத்தின் செயலுக்கு நாடு பொறுப்பேற்கும் என்றால், பொறுப்பை உண்டாக்கும் மேசையில் மாநிலத்துக்கு ஓர் ஆசனம் வேண்டும் என்பதுதானே தருக்கத்தின் முடிவு?

அட்லாண்டிக் கரையோரத்து அனுபவம் இங்கேதான் நமக்கு உதவுகிறது. நியூஃபவுண்ட்லாண்ட் மாகாணம் 2008-இல் ஒரு காகித நிறுவனத்தின் சொத்துரிமைகளைக் கைப்பற்றியதற்காக, கனடாவின் மத்திய அரசாங்கம் 2010-இல் 13 கோடி கனடா டாலர் கொடுத்துத் தீர்த்தது. இனி இத்தகைய தொகையை மாகாணங்களிடமிருந்து வசூலிப்போம் என்று பிரதமர் ஹார்ப்பர் சொன்னார். ஐரோப்பாவோடு பேசியபோதோ, ஐரோப்பியர்களே வற்புறுத்தியதால், மாகாணப் பிரதிநிதிகளும் உடன் அமர்ந்தார்கள். மறுகரையில், பெல்ஜியத்தின் வலோனியா என்ற பிரதேசத்தின் சட்டமன்றம் 2016 அக்டோபரில் அதே உடன்படிக்கைக்குச் சம்மதம் மறுத்து, கையெழுத்தையே சில நாட்கள் தள்ளிப்போட வைத்தது. அந்த உடன்படிக்கை அமைக்கும் முதலீட்டாளர் மன்றம் ஐரோப்பியச் சட்டத்துக்கு ஏற்றதா என்று ஐரோப்பிய நீதிமன்றத்தைக் கேட்கவேண்டும் என்று வலோனியா வாதாடிப் பெற்ற உறுதியின்படி பெல்ஜியம் கேள்வி எழுப்பியது. ஏற்றதே என்ற விடை 2019 ஏப்ரல் 30-ஆம் தேதி, நிஸ்ஸான் வழக்கின் ஆட்சேபங்கள் நிராகரிக்கப்பட்ட மறுநாள், வந்தது. விடை வலோனியர்களுக்கு அனுகூலமா என்பது வேறு விஷயம். சுமார் 36 லட்சம் மக்களைக் கொண்ட ஒரு பிரதேசம் கேட்டு விடை பெற்ற கேள்வியை, 2011 கணக்கின்படியே 7 கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட நம் மாநிலம் கேட்பதற்கு வழியே இல்லை.

இந்திய அரசு வகுத்த 2016-இன் மாதிரி முதலீட்டு ஒப்பந்தத்துக்குப் பின் இந்த அபாயம் நீங்கிவிட்டது என்று சிலர் ஆறுதல் கூறுகிறார்கள். உள்நாட்டு நீதிமன்றங்களில் ஐந்தாண்டு முயலவேண்டும் என்று அது விதித்தது உண்மை. 2024-இல் ஐக்கிய அரபு எமிரேட்டுகளோடு செய்த ஒப்பந்தத்தில் அதே ஐந்து மூன்றாகக் குறைந்துவிட்டதும் உண்மை. ஜப்பானோடும் கொரியாவோடும் செய்த உடன்படிக்கைகளின் முதலீட்டு அத்தியாயங்கள் நீக்கப்படவில்லை. ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் முதலிட்டிருப்பவர்களில் பலர் அந்நாட்டவர்களே. பிரிட்டனோடு 2025 ஜூலையில் கையெழுத்தானது உட்பட, புதிய உடன்படிக்கைகளின் சரத்துகள் எப்படி இருப்பினும், சம்மதம் கேட்கும் முறை மாறாதவரை ஆறுதலுக்கு இடமில்லை.

இக்கருத்தரங்கின் முடிவில் நாம் ஒரு தீர்மானம் நிறைவேற்றவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாநிலத்தின் அதிகாரத்துக்குட்பட்ட விஷயத்தைத் தொடும் ஒவ்வொரு வர்த்தக உடன்படிக்கையின் வரைவும் கையெழுத்துக்கு முன் மாநிலச் சட்டமன்றத்தில் வைக்கப்படவேண்டும். அதை ஆராய நிலையான கமிட்டி ஒன்று அமையவேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை அதன் விளைவு பற்றிய அறிக்கை அச்சபைக்கு வரவேண்டும். பட்டறை நடத்தும் நண்பர்கள் தங்கள் சங்கங்களின் மூலமாக இதை வற்புறுத்தலாம். ஆராய்ச்சி மாணவர்கள் 1932, 1936 ஆகிய ஆண்டுகளின் மத்திய சட்டசபை நடவடிக்கைகளை எடுத்துப் படித்து, தமிழில் சுருக்கி வெளியிட முன்வரவேண்டும்; அதற்கு என்னால் இயன்ற உதவி அனைத்தையும் செய்யக் காத்திருக்கிறேன்.