நோன்பு அதிரசம்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



ஐப்பசி மாசம் வீட்டில் செஞ்சு வைக்கிற பலகாரம் பத்திப் பேசச் சொன்னாங்க. முறுக்கும் தட்டையும் நம்ம எல்லாருக்கும் கைவந்த வேலை. அதனால அதிரசம் மட்டும் சொல்றேன்.

தீபாவளி அமாவாசையில் கேதார கௌரி நோன்புக்கு 21 அதிரசம், 21 வெற்றிலை, 21 பாக்கு வெச்சுப் படைக்கிறோம். கல்யாணமாகி வந்த முதல் நோன்புக்கு என்னைத்தான் சுடச் சொன்னாங்க. எண்ணெயில் போட்டதும் மாவு பிரிஞ்சு பொடிப்பொடியாப் போச்சு. அன்னிக்கு யாரும் பெரிசா ஒண்ணும் சொல்லலை. தை மாசம் என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிஞ்சது. பார்க்க வந்த உறவுக்காரங்க, "நோன்பு அதிரசம் உடைஞ்சப்பவே நினைச்சேன்" என்றாங்க. அதுக்கப்புறம் அஞ்சு வருசம் நான் அந்த மாவைத் தொடலை. தொடவும் விடலை.

ஆறாவது வருசம் அத்தை சுட்டதே பிரிஞ்சுது. அப்போ யாரும் சகுனம் பேசலை, வெல்லம் சரியில்லைன்னாங்க! எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சது. மிச்ச மாவில் ஒரு பிடி அரிசி மாவு சேர்த்துப் பிசைஞ்சு ஒண்ணு போட்டுப் பார்த்தேன். உடையாம நின்னுது.

ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். கடையில் பாகு வெல்லம்னு கேட்டு வாங்குங்க. அரிசியை 2 மணி நேரம் ஊறவெச்சு, வடிச்சு, துணியில் நிழல் உலர்த்தலா உலர்த்தணும். அள்ளினா கையில் ஒட்டணும், ஈரம் சொட்டக் கூடாது. முழுசாக் காய்ஞ்சா அதிரசம் வெடிக்கும். அடைமழையில் நான் வீட்டுக்குள்ள மின்விசிறிக்குக் கீழேதான் விரிக்கிறேன். அரைச்சுச் சலிச்ச மாவில் ஒரு பிடி தனியா எடுத்து வெச்சிடுங்க.

பாகுதான் கஷ்டம். கிண்ணித் தண்ணியில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினா மெத்துனு உருளணும். கரைஞ்சு போனா எண்ணெயில் பிரியும். தட்டில் போட்டு டங்குனு சத்தம் வந்தா அதிரசம் பல்லை உடைக்கும். இரண்டுக்கும் நடுவில் ரொம்ப நேரம் கிடையாது, அந்த நேரம் போன் வந்தா எடுக்காதீங்க. அத்தைக்குக் கண் பார்வையே அளவு. எனக்குக் கிண்ணித் தண்ணிதான்.

அடுப்பிலிருந்து இறக்கி, ஏலக்காய், சுக்கு, எள் போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாத் தூவிக் கிளறுங்க. மேலே நெய் தடவி மூடி 2 நாள் வெச்சுட்டு, மிதமான தீயில் சுடுங்க. ரெண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவில் வெச்சு எண்ணெயை அழுத்தி எடுக்கணும். அச்சடிச்ச பேப்பரில் பரப்பாதீங்க, மை ஒட்டும்.

போன வருசம் குழுவில் 6 கிலோ செஞ்சோம். ஒரு டப்பாவைச் சூடு ஆறுறதுக்குள்ள மூடிட்டேன், நானேதான். மூடிக்குள்ள வேர்த்து, நாலாம் நாள் பூஞ்சை. அந்தக் காசை என் பங்கில் கழிச்சுக்கச் சொன்னேன். வெல்லப் பாகு தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கறதாலதான் அதிரசம் கெடாம இருக்கு. அதுக்கு மேல நாம ஈரக் கையோ ஈரக் கரண்டியோ பட விட்டா தாங்காது. நல்லா ஆறவிட்டு எவர்சில்வர் டப்பாவில் வெச்சது எங்க வீட்டில் 15 நாள் இருந்திருக்கு. அதுக்கு மேல இருந்ததில்லை, பசங்க விடமாட்டாங்க.

கல்வராயன் மலைச் சாமையிலும் இதே மாதிரி செய்யலாம். சாமை அரிசி பொடிசு, சீக்கிரம் காஞ்சிடும், பக்கத்திலேயே இருந்து பார்க்கணும்.

இந்த நோன்புக்கு எட்டாவது படிக்கிற என் பொண்ணு தானே சுடறேன்னு உட்கார்ந்தா. முதல் அதிரசம் பிரிஞ்சுது. என் முகத்தைப் பார்த்தா. "அந்த ஒரு பிடி மாவைப் போட்டுப் பிசை" என்றேன். அத்தையும் பக்கத்தில்தான் இருந்தாங்க, ஒண்ணும் சொல்லலை. மாவு டப்பாவை எடுத்து அவங்கதான் கொடுத்தாங்க.

அளவு எழுதின தாள் என்கிட்ட இருக்கு, சாப்பாட்டு நேரத்தில் வந்து எழுதிக்கங்க.