அருவருப்பும் ஆற்றுநீரும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடையில் கழிப்பறையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அந்த முகச்சுளிப்பே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

2024ஆம் ஆண்டுக் கோடையை நாம் மறக்கவில்லை. ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தோம். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில், குழாயின் நீர்வரத்தைக் குறைக்கும் 'ஏரேட்டர்' என்னும் சிறு கருவியை வணிக நிலையங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பொருத்த வேண்டுமென்று பெங்களூர்க் குடிநீர் வாரியம் ஆணையிட்டது. சமையலறைக் குழாயில் அதைப் பொருத்த நாம் தயங்குவதில்லை. கழிப்பறை என்றதும் தயங்குகிறோம்.

இன்றைய கழிப்பறைத் தொட்டியில் இரு பொத்தான்கள் உள்ளன. சிறியது ஏறத்தாழ 3 லிட்டர், பெரியது 6 லிட்டர் நீரை விடும். சிறுநீருக்குச் சிறியதே போதும். ஆயினும், அடுத்து வருபவர் என்ன நினைப்பாரோ என்று கூசிப் பெரியதையே அழுத்துகிறோம். நால்வர் நாளொன்றுக்கு நான்கு முறை இவ்வாறு செய்தால் 48 லிட்டர் வீண். மூன்று குடத்து நீர்! ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் உயரத்துக்கு மின்விசையால் ஏற்றப்பட்டு வரும் காவிரி நீர் அது. தஞ்சை வயல்கள் எதிர்நோக்குவதும் அதே ஆற்றைத்தான்.

சுத்திகரித்த நீரைக் கழிப்பறைக்கு விடலாம் என்றால், "கழிவுநீரா?" என்று அதிர்கிறோம். அந்நீர் நம் வாய்க்கு வருவதில்லை, கழிகலத்துக்கே செல்கிறது. சிங்கப்பூரோ 2003 முதல், உயர்முறையில் தூய்மை செய்த அத்தகைய நீரில் ஒரு பகுதியைக் குடிநீர்த் தேக்கங்களிலேயே கலக்கிறது.

அருவருப்பைப் பழிப்பது நம் நோக்கமன்று. நோயிலிருந்து நம் முன்னோரைக் காத்த உணர்வு அது. சுத்திகரித்த நீர் நாறினால் நம் மூக்கு பொய் சொல்லவில்லை. நிலையத்தின் பராமரிப்பில் குறை இருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யச் சொல்வோம். குடிநீர்க் குழாயோடு அக்குழாய் எங்கும் இணையவில்லை என்பதையும் உறுதி செய்வோம். குறைந்த நீரில் தூய்மையாகாத கலத்தை வாங்கினால் இருமுறை நீர் விட நேரும். ஆகவே, கழிப்பறையைக் கழுவுபவர் சொல்லைக் கேட்டே வாங்குவோம். பல வீடுகளில் அவர் நம் தாய். ஆனால் கடைக்குச் சென்று தேர்ந்தெடுப்பவரோ தந்தை!

அருவருப்பு வீட்டு வாயிலில் காவல் நிற்கட்டும். வீட்டை ஆள வேண்டாம். இன்றிரவு வீடு திரும்பியதும், கூச்சம் விட்டு நம் பிள்ளைகளோடு இதைப் பேசுவோம். சிறிய பொத்தானின் பயனை அவர்களுக்குக் காட்டுவோம்.