அரண்மனை விளக்கும் பாசறை விளக்கும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பழைய காலங்களைக் கண்முன் நிறுத்தும் அழகிய திரைப்படங்கள் சிலவற்றைப் பற்றி இன்று பேச விழைகிறேன். நான் திரைக்கலை வல்லுநர் அல்லேன். திரையரங்கின் இருளில் அமர்ந்து பார்த்த ஒரு பார்வையாளர் என்ற உரிமை மட்டுமே எனக்கு உண்டு. எனினும் இப்படங்களை நான் தேடிப் பார்க்கத் தொடங்கியதற்கு ஒரு தமிழ் வகுப்பே காரணம் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நெடுநல்வாடை நடத்திக்கொண்டிருந்தேன். நக்கீரர் அரண்மனையைக் காட்டும் பகுதி அது. வாயில், முற்றம், யவனர் செய்த பாவை விளக்கு, யானைத் தந்தத்தால் அமைந்த கட்டில் என ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டு போனேன். பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, “இந்த அரண்மனையின் அழகை நாங்கள் எதற்காக ரசிக்க வேண்டும், அம்மா? அதற்குள் எங்களுக்கு இடமே இல்லையே” என்றார். அவர் குரலில் குறும்பு இல்லை. உண்மையாகவே கேட்டார். நான், “இது வருணனை மரபு, தேர்வுக்கு வரும்” என்று சொல்லி அடுத்த அடிக்குச் சென்றுவிட்டேன். அவரும் அமர்ந்துவிட்டார். அன்று நான் சொன்னது விடையாகாது என்பதை அவர் அறிந்திருந்தார், நானும் அறிந்திருந்தேன். அந்த வினா என்னை விட்டு அகலவில்லை. அதனோடுதான் நான் பின்வரும் நான்கு படங்களையும் பார்த்தேன்.

முதலாவது, சத்யஜித் ராய் 1958இல் எடுத்த ‘ஜல்சாகர்’. தாராசங்கர் பந்தோபாத்யாயின் கதை. வங்காளத்தில் நொடித்துப்போன ஒரு ஜமீன்தார். ஆற்றங்கரையில் பாழடைந்து நிற்கும் அவரது மாளிகை. அதனுள்ளே ஓர் இசைக்கூடம். மனைவியையும் மகனையும் புயலில் ஆறு கொண்டுபோய்விட்டது. நிலமும் கைவிட்டுப் போகிறது. பக்கத்திலேயே வட்டித் தொழிலில் பணம் சேர்த்த குடும்பத்தில் பிறந்த கங்குலி என்பவர் புது வீடு கட்டுகிறார். அவர் வீட்டில் மின்விளக்கு எரிகிறது; மின்னாக்கியின் இரைச்சல் ஜமீன்தாரின் செவியில் விழுந்துகொண்டே இருக்கிறது. தம் பெருமையை நிலைநாட்ட, எஞ்சியிருக்கும் பணத்தை எல்லாம் செலவழித்து ஒரே ஓர் இரவு இசைக்கூடத்தைத் திறக்கிறார் அவர்.

கூடம் திறக்கப்படும் காட்சியை நான் மறக்க மாட்டேன். தூசி தட்டுவதும், தொங்கும் சரவிளக்கில் மெழுகுவர்த்திகளை ஏற்றுவதும் முதிய பணியாள் அனந்தனின் வேலை. அந்த முகத்தில் எத்தனை மகிழ்ச்சி! ஆட்டம் முடிந்து விருந்தினர் சென்றபின், மதுவின் மயக்கத்தில் இருக்கும் ஜமீன்தார், விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவதைக் கண்டு நடுங்குகிறார். அப்போது அனந்தன் திரையை விலக்கி, பொழுது விடிந்துவிட்டது என்று காட்டுகிறான். விளக்கை ஏற்றியவனே விடியலையும் அறிவிக்கிறான் என்பதை நான் இரண்டாம் முறை பார்த்தபோதுதான் கவனித்தேன். ஜமீன்தாருக்கு முடிவாகத் தோன்றும் அந்நேரம், பணியாளுக்கு வழக்கமான ஒரு காலைப்பொழுது. கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட இப்படத்தின் அழகு முழுவதும் அந்த இரு பார்வைகளுக்கும் இடையே நிற்கிறது.

அடுத்தது, இத்தாலிய இயக்குநர் லுகினோ விஸ்கோன்தி 1963இல் எடுத்த ‘தி லெப்பர்ட்’. லாம்பெதூசா எழுதி, அவர் மறைந்த மறு ஆண்டில், 1958இல், வெளிவந்த நாவலின் திரைவடிவம். 1860ஆம் ஆண்டு கரிபால்டியின் படை சிசிலித் தீவில் இறங்குகிறது. பழைய பிரபுத்துவம் சரியத் தொடங்குகிறது. அதைத் தெளிவாக உணர்ந்த ஓர் இளவரசராக பர்ட் லங்காஸ்டர் நடித்தார். விஸ்கோன்தி பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர், கொள்கையால் மார்க்சியர். தாம் எதை நேசித்தாரோ அதுவே அழிய வேண்டியது என்று அறிந்த ஒருவரின் படம் இது எனலாம்.

படத்தின் இறுதிப் பகுதியில் முக்கால் மணி நேர அளவுக்கு நீளும் ஒரு நடன விருந்து வருகிறது. பலெர்மோ நகரத்து உண்மையான அரண்மனை ஒன்றிலேயே அதைப் படமாக்கினார்கள். மெழுகுவர்த்திகள், பட்டு ஆடைகள், கண்ணாடிகள், பொன் முலாம் பூசிய சுவர்கள் ஆகியன கண்ணை நிறைக்கின்றன. ஆனால் விருந்தினர் வியர்க்கிறார்கள், விசிறிகள் ஓயவில்லை, முகங்களில் களைப்பு. இளவரசர் ஒதுங்கிச் சென்று, மரணப் படுக்கையைச் சித்திரிக்கும் ஓவியம் ஒன்றின் முன்னே நிற்கிறார். பிறிதோர் அறையில் விருந்தினர் பயன்படுத்திய சிறுநீர்க் கலயங்கள் தரையை அடைத்துக் கிடக்கின்றன. அந்த ஓர் அறையைக் காட்டாமல் விட்டிருந்தால், நடனம் வெறும் கண்காட்சி ஆகியிருக்கும். பொழுது விடியும் வேளையில் தொலைவில் துப்பாக்கி ஒலி கேட்கிறது. கரிபால்டியின் பக்கம் ஓடிய படைவீரர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்படுகிறது. வண்டியில் வீடு திரும்பும் புதுப்பணக்காரர், இனி அச்சமில்லை என்று ஆறுதல் அடைகிறார். விருந்தின் ஒளிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது அந்த ஒலியில் இருக்கிறது. படம் அதை நமக்குச் சொல்லி விளக்கவில்லை, கேட்கச் செய்கிறது.

இனி, ஸ்டான்லி குப்ரிக் 1975இல் எடுத்த ‘பாரி லிண்டன்’. தாக்கரேயின் நாவலைத் தழுவியது. பதினெட்டாம் நூற்றாண்டில், கைப்பொருள் இல்லாத ஓர் அயர்லாந்து இளைஞன் போர்களிலும் சூதாட்டத்திலும் புகுந்து, ஒரு சீமாட்டியை மணந்து, அரண்மனைக்குள் நுழைகிறான். என் மாணவர் சொன்ன அந்த ‘இடம் இல்லாதவர்’களுள் ஒருவன் உள்ளே சென்றால் என்ன ஆகும் என்பதே இக்கதை.

இப்படத்தின் ஒளிப்பதிவு பற்றிக் கவிஞர்கள் அறிந்துகொள்வது நல்லது. இரவுக் காட்சிகள் சிலவற்றை மின்விளக்கின்றி, மெழுகுவர்த்தி ஒளியிலேயே எடுக்க வேண்டும் என்பது குப்ரிக்கின் விருப்பம். அதற்கு, நாசாவின் நிலாப் பயணத் திட்டத்திற்கென்று கார்ல் சைஸ் நிறுவனம் செய்திருந்த 50 மி.மீ., எஃப் 0.7 வில்லையை வாங்கினார். அத்தகைய வில்லைகள் செய்யப்பட்டவையே பத்து. அவற்றுள் மூன்று குப்ரிக்கிடம் வந்தன. ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட் இப்படத்திற்காக ஆஸ்கார் பரிசு பெற்றார். இவ்வில்லையில் ஒரு சிக்கல் உண்டு. கூர்மையாகத் தெரியும் பரப்பு மிகக் குறுகியது. நடிகர் சற்று முன்னே சாய்ந்தாலும் முகம் மங்கிவிடும். ஆகவே அவர்கள் அசைவைக் குறைத்து அமர வேண்டியிருந்தது. கருவியால் நேர்ந்த இக்கட்டாயமே படத்தின் பொருளாகவும் ஆகிவிட்டது. சீட்டாட்ட மேசையைச் சுற்றி, வெண்பொடி பூசிய முகங்களுடன், பொன்னொளியில் அசையாமல் இருப்பவர்கள் அந்த அழகுக்குள் சிறைப்பட்டவர்களாகவே எனக்குத் தோன்றினார்கள்.

பகற்காட்சிகளிலும் இதுவே நிகழ்கிறது. ஒரு கையையோ முகத்தையோ நெருங்கிக் காட்டத் தொடங்கும் படக்கருவி, மெல்ல மெல்லப் பின்வாங்குகிறது. மனிதர் சிறுத்து, மரமும் புல்வெளியும் வானும் பெருத்து, ஓவியச் சட்டகத்துள் ஒரு புள்ளியாக அவர் ஆகிவிடுகிறார். பாரி அழகை விரும்பினான். அழகு அவனை விரும்பவில்லை. இறுதியில் மகனையும் ஒரு காலையும் இழந்து வெளியேற்றப்படுகிறான். கடைசிக் காட்சியில் சீமாட்டி அவனுக்குரிய ஆண்டுத் தொகைக்கான தாளில் கையெழுத்திடுகிறாள். அத்தாளில் எழுதப்பட்டுள்ள ஆண்டு 1789. பிரான்சில் புரட்சி வெடித்த ஆண்டு. அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஓர் எண், அவ்வளவே. அறையின் அமைதியில் இருப்போர் எவர்க்கும் வெளியே நடப்பது தெரியாது. பார்க்கும் நமக்குத் தெரியும்.

எனினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இப்படத்தின் அரண்மனைகளில் பணியாளர்கள் சுவரோரம் நிற்கிறார்கள். ஏவலுக்கு விடை சொல்வதன்றி அவர்களுக்கெனக் கதை இல்லை. அந்த வகையில் என் மாணவரின் வினா இப்படத்தின் முன்னும் எஞ்சியே நிற்கிறது.

நான்காவது, அகிரா குரோசவாவின் ‘ரான்’ (1985). ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்தையும் ஜப்பானிய வரலாற்றுச் செய்தியையும் இணைத்தது. பணம் கிடைக்காத ஆண்டுகளில் குரோசவா காட்சிகளை ஓவியங்களாகத் தீட்டி வைத்துக் காத்திருந்தார். எழுபத்தைந்து வயதில் படத்தை முடித்தார். எமி வாடா அமைத்த உடைகளுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. மூத்த மகனின் படைக்கு மஞ்சள், இரண்டாம் மகனுக்குச் சிவப்பு, இளையவனுக்கு நீலம் என்று கொடிகளின் வண்ணத்தாலேயே குடும்பப் பிளவைக் காட்டுகிறார்.

கோட்டை முற்றுகைக் காட்சியில் போரின் ஒலிகள் அனைத்தும் நீக்கப்பட்டிருக்கின்றன. குருதி வழிகிறது, தீ எரிகிறது, மகளிர் மடிகின்றனர். தகேமித்சுவின் துயர இசை ஒன்றே கேட்கிறது. நிறங்களின் அழகில் நாம் மயங்கத் தொடங்கும் வேளையில் ஒரு துப்பாக்கி வெடிக்கிறது. மூத்த மகன் குதிரையிலிருந்து சாய்கிறான். உடனே போரின் பேரிரைச்சல் முழுவதும் நம்மேல் வந்து மோதுகிறது. இதுவரை அழகென்று பார்த்தது என்ன என்று அந்த ஒரு வெடி நம்மைக் கேட்கிறது. நான் இருக்கையில் நிமிர்ந்து அமர்ந்தேன், வெட்கமும் கொண்டேன்.

அம்முதிய மன்னன் வாழ்ந்த கோட்டை, பிறர் குடும்பத்தைக் கொன்று பறித்தது. அவனால் சிறுவயதில் கண் பறிக்கப்பட்டவன் எளிய குடிலொன்றில் குழல் ஊதி வாழ்கிறான். படத்தின் கடைசிக் காட்சி அரசனுக்கு உரியதன்று. இடிந்த கோட்டைச் சுவரின் விளிம்பில், அந்திவானின் கீழே, வழிகாட்ட எவருமின்றி நிற்கும் அந்தக் கண்ணிழந்தவனுக்கே உரியது.

இந்நான்கு படங்களிலிருந்து நான் அடைந்த கருத்து இதுதான். பழைய காலத்தின் அழகைக் காட்டுவது குற்றமன்று. அந்த அழகுக்கு நேர்ந்த செலவைக் காட்டாமல் மறைப்பதே குற்றம். ஆடையும் அணியும் மாளிகையும் நிறைந்த எத்தனையோ படங்கள் வந்து போகின்றன. அவற்றில் பொருள்கள் பொருள்களாகவே நின்றுவிடுகின்றன. முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் ஒன்றினும் ஒன்று சிறந்தது என்று சொல்லி, உரிப்பொருளை உச்சியில் வைத்தார் தொல்காப்பியர். நல்ல படத்தில் மெழுகுவர்த்தி கருப்பொருளாகத் தொடங்கி உரிப்பொருளில் போய் முடிகிறது. கவிதையில் வருணனை வேண்டுமா, வேண்டாவா என்று நம் வட்டத்தில் பலமுறை வாதிட்டிருக்கிறோம். வருணனை எவ்வளவு என்பதைவிட, அது யாருடைய கண்ணில் பட்டது, எந்த ஒலியால் கலைகிறது என்பதையே நாம் கேட்க வேண்டும் என்பது என் துணிபு.

இனி அந்த வகுப்புக்குத் திரும்புகிறேன். நெடுநல்வாடையை நான் மீண்டும் படித்தேன். அத்தனை சிறப்பும் உடைய கட்டிலின்மேல் அரசி அணிகளைக் களைந்து, கண்ணீரோடு இருக்கிறாள். அவ்வழகு அவளுக்கே பயன்படவில்லை. பாட்டு அரண்மனையில் முடியவும் இல்லை. நள்ளிரவில், வாடைக் காற்றில் தெற்கே சாய்ந்து எரியும் பாசறை விளக்குகளின் நடுவே, அரசன் புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். பாவை விளக்கை ஏற்றிய புலவரே பாசறை விளக்கையும் ஏற்றியிருக்கிறார். முதல் விளக்கைப் பக்கம் பக்கமாக விளக்கிய நான், மணி அடித்துவிட்டதென்று இரண்டாம் விளக்கை ஐந்து நிமிடத்தில் முடித்திருந்தேன். குறை நக்கீரருடையதன்று, என்னுடையது.

அந்த மாணவர் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். அவர் மீண்டும் வந்து கேட்டால் முழு விடை சொல்ல என்னால் இயலுமா என்பது ஐயமே. அரசனின் கை அந்த வீரர்களைத் தேற்றுகிறது என்றால், அவர்களை அங்கே கொண்டுவந்ததும் அதே அரசன்தானே என்று அவர் கேட்கக்கூடும். கேட்கட்டும். ஆனால் இப்போது அப்பாட்டை நடத்தும்போது பாசறைப் பகுதியை முதலில் படித்துக் காட்டிவிட்டு, அதன்பின்பே மாணவர்களை அரண்மனைக்குள் அழைத்துச் செல்கிறேன். உள்ளே நுழையும்போது அவர்கள் பார்க்கும் பார்வை வேறாக இருக்கிறது.