மையால் எழுதப்பட்ட இறைவாக்கு



திருமறையின் இறைத்தோற்றமும் அதிகாரமும் பற்றி ஆராய இங்கே கூடியிருக்கிறோம். இந்தப் பொருளைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து தொடங்குவார்கள். தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரம் ஒன்று, பேதுருவின் இரண்டாம் திருமுகத்தின் முதல் அதிகாரம் மற்றொன்று. திருமறை இறைவனிடமிருந்து வந்தது என்று அவை சொல்வதை நான் முழு மனத்தோடு நம்புகிறேன். ஆனால் அந்த வருகை எப்படி நிகழ்ந்தது என்பதை அவை விவரிப்பதில்லை. அதை விவரிக்கும் அதிகாரம் ஒன்று பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. எரேமியா 36ஆம் அதிகாரம் அது. இன்றைய தலைமையுரையை அந்த ஓர் அதிகாரத்தின் மேல்தான் அமைத்துக்கொள்கிறேன்.

யூதா அரசன் யோயாக்கீம் ஆட்சியின் நான்காம் ஆண்டு, அதாவது கி.மு. 605. எரேமியா இறைவாக்கு உரைக்கத் தொடங்கி 23 ஆண்டுகள் ஆகிவிட்டன. அதுவரை வாய்மொழியாக உரைத்ததை எல்லாம் எழுதிவைக்கும்படி அவருக்குக் கட்டளை வருகிறது. அவர் சொல்லச் சொல்ல நேரியாவின் மகன் பாரூக்கு எழுதுகிறார். எரேமியா கோவிலுக்குள் போக முடியாத நிலை. ஆகவே அடுத்த ஆண்டு ஒன்பதாம் மாதத்தில், நோன்பு நாள் ஒன்றில், பாரூக்கே சுருளைக் கொண்டுபோய் மக்கள் கேட்க வாசிக்கிறார். செய்தி அரசு அதிகாரிகளுக்கு எட்டுகிறது. அவர்கள் பாரூக்கை அழைத்து உட்காரவைத்து, தங்களுக்கும் வாசித்துக்காட்டச் சொல்கிறார்கள். கேட்டதும் ஒருவரையொருவர் பார்த்து அஞ்சுகிறார்கள். பிறகு ஒரு கேள்வி கேட்கிறார்கள்: இவற்றை எல்லாம் நீ எப்படி எழுதினாய்?

நம்முடைய கருத்தரங்கின் கேள்வியும் இதுதானே! திருமறைக்குள்ளேயே அது கேட்கப்பட்டிருக்கிறது, பதிலும் அங்கேயே இருக்கிறது. பாரூக்கு வானம் திறந்ததாகச் சொல்லவில்லை. தன் கையை யாரோ பிடித்து நடத்தியதாகவும் சொல்லவில்லை. அவர் வாயால் சொன்னார், நான் மையால் சுருளில் எழுதினேன் என்கிற பொருளில் பதில் சொல்லிவிட்டு நிற்கிறார். கேட்டவர்களின் அச்சம் அந்தப் பதிலால் சிறிதும் குறையவில்லை. மையும் கையும் மனிதருடையவை என்று தெரிந்துகொண்ட பின்பும், கேட்டது இறைவனின் சொல் என்றே கருதி அவர்கள் நடந்துகொள்கிறார்கள். பாரூக்கையும் எரேமியாவையும் ஒளிந்துகொள்ளச் சொல்லி அனுப்புகிறார்கள்.

நம் மண்ணின் சிந்தனை மரபோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். மீமாம்சகர்கள் வேதத்தை அபௌருஷேயம் என்றார்கள். அதற்கு மனிதரும் ஆசிரியரல்லர், இறைவனும் ஆசிரியரல்லர். ஆசிரியர் இல்லாததாலேயே அதில் குற்றம் புக வழியில்லை என்பது அவர்கள் வாதம். நையாயிகர்களோ வேதத்துக்கு ஈசுவரனே ஆசிரியன், நம்பத்தக்கவனின் சொல் என்பதால்தான் அது பிரமாணம் என்றார்கள். இரண்டும் கூர்மையான நிலைப்பாடுகள். கிறிஸ்தவத் திருமறையின் நிலை இந்த இரண்டிலும் முழுமையாக அடங்குவதில்லை. இங்கே இறைவனே பேசுகிறார்; ஆனால் தந்தை பெயரோடும் ஊர்ப் பெயரோடும் அறியப்பட்ட, சிறைக்கு அஞ்சிய, தன் பிறந்த நாளையே சபித்த ஒரு மனிதர் வழியாகப் பேசுகிறார். அந்த மனிதரை நீக்கிவிட்டால் தெய்வீகம் கூடிவிடும் என்று நினைப்பது திருமறை தன்னைப் பற்றித் தானே தரும் சாட்சியத்துக்கு மாறானது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் தொடக்கத்திலேயே, தாம் வேறு எவருக்கேனும் திருமுழுக்குக் கொடுத்தோமா என்பது நினைவில்லை என்கிறார். அந்த மறதியும் நம் திருமறையின் ஒரு பகுதியாகவே வாசிக்கப்படுகிறது.

மீண்டும் எருசலேமுக்கு வருவோம். அரசன் குளிர்கால மாளிகையில் கணப்புச் சட்டியின் முன் அமர்ந்திருக்கிறான். யெகுதி என்பவர் அவனுக்குச் சுருளை வாசிக்கிறார். மூன்று நான்கு பத்திகள் வாசித்ததும் அரசன் எழுத்தர்கள் வைத்திருக்கும் கத்தியால் அந்தப் பகுதியை அறுத்து நெருப்பில் போடுகிறான். சுருள் முழுவதும் இப்படியே எரிந்து தீர்கிறது. அவனோ அவனுடைய ஊழியர்களோ அஞ்சவுமில்லை, ஆடைகளைக் கிழித்துக்கொள்ளவுமில்லை என்று ஆசிரியர் தனியாக எடுத்துச் சொல்கிறார். அதைச் சொல்லக் காரணம் உண்டு. ஏறத்தாழ 18 ஆண்டுகளுக்கு முன், கி.மு. 622இல், கோவிலில் கண்டெடுத்த திருச்சட்ட நூலைச் சாப்பான் என்னும் எழுத்தர் அரசர் யோசியாவுக்கு வாசித்துக்காட்டினார். யோசியா தம் ஆடையைக் கிழித்துக்கொண்டு மனம் வருந்தினார். யோயாக்கீம் அந்த யோசியாவின் மகன். இவன் சுருளை எரிக்க வேண்டாம் என்று மன்றாடியவர்களில் ஒருவரான கெமரியா, அதே சாப்பானின் மகன். ஒரே தலைமுறை இடைவெளியில், ஒரே அரண்மனையில் இரு வேறு வாசிப்புகள் நடந்தன. தந்தை தம் ஆடையைக் கிழித்தார், மகன் சுருளை அறுத்தான். திருமறையின் அதிகாரத்தைப் பற்றி நான் படித்த எந்த விளக்கமும் இந்த இரண்டு காட்சிகளைப் போல எனக்கு அதை உணர்த்தியதில்லை. யோசியாவின் கீழ்ப்படிதலால் அந்த அதிகாரம் உண்டாகவில்லை. யோயாக்கீமின் நெருப்பால் அழியவும் இல்லை.

எரிந்த பிறகு நடந்ததுதான் ஆய்வாளர்களாகிய நமக்கு மிக முக்கியம். எரேமியா வேறொரு சுருளை எடுத்துப் பாரூக்கிடம் கொடுக்கிறார். பழைய சொற்கள் எல்லாம் மீண்டும் எழுதப்படுகின்றன; அவற்றோடு அவை போன்ற இன்னும் பல சொற்கள் சேர்க்கப்பட்டன என்று அதிகாரம் முடிகிறது. இறைவாக்கு நூலொன்று இரண்டாம் பதிப்பில் விரிவடைந்ததை அந்த நூலே ஒளிக்காமல் சொல்கிறது. பின்னால் வந்த சான்றுகளும் இதற்கு இசைவாகவே இருக்கின்றன. கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பில் உள்ள எரேமியா நூல், நாம் வாசிக்கும் எபிரேய மூலத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவானது. பகுதிகளின் வரிசையும் வேறு. மொழிபெயர்த்தவர்கள்தாம் சுருக்கிவிட்டார்கள் என்று நெடுநாள் கருதியவர்கள் உண்டு. 1952இல் கும்ரானின் நான்காம் குகையில் கிடைத்த துண்டுகளில் அந்தக் குறுகிய வடிவத்தோடு ஒத்துப்போகும் எபிரேயப் படிகளும் இருந்தன. அதே குகையில் நீண்ட வடிவத்தின் படிகளும் இருந்தன. இரண்டையும் ஒரே காலத்தில் மக்கள் போற்றி வைத்திருந்திருக்கிறார்கள்.

1978ஆம் ஆண்டின் சிக்காகோ அறிக்கை, திருமறையின் பிழையாமையை மூல ஆசிரியர்களின் முதற்படிகளோடு இணைத்துப் பேசுகிறது. அதை வகுத்தவர்களின் திருமறைப் பற்றை நான் மதிக்கிறேன். ஆயினும் எரேமியாவின் முதற்படி எது? நெருப்பில் போனதா, சேர்க்கைகளோடு வந்ததா? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டு, எழுதியவர்கள் தங்கள் ஆற்றல்களைப் பயன்படுத்திய மெய்யான ஆசிரியர்கள் என்றும், இறைவனே அவர்கள் வழியாகச் செயல்பட்டார் என்றும் ஒருசேர அறிக்கையிடுகிறது. சீர்திருத்தச் சபை மரபில் நிற்பவன் நான். இருந்தும் 36ஆம் அதிகாரத்துக்கு நெருக்கமாக இருப்பது இந்தக் கூற்றே என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

இனி, எந்த நூல்கள் திருமறை என்பதை முடிவுசெய்தது யார்? சங்கங்கள் என்றே பலரும் உடனடியாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் சங்கங்களுக்கு முன் நடந்ததைப் பாருங்கள். கி.பி. 303இல் பேரரசர் தியோக்கிளேசியன் கிறிஸ்தவ நூல்களை எரிக்க ஆணையிட்டார். அவ்வாண்டு மே 19ஆம் நாள், இன்றைய அல்ஜீரியாவில் கான்ஸ்டன்டைன் என்று வழங்கும் சிர்த்தா நகரில் அதிகாரிகள் நடத்திய சோதனையின் பதிவு நமக்குக் கிடைத்திருக்கிறது. கோவிலில் ஒரேயொரு பெரிய நூல்தான் அகப்பட்டது. மற்றவை, வழிபாட்டில் திருமறை வாசிக்கும் வாசகர்களின் வீடுகளில் இருந்தன. வாசகர்கள் யார் யார் என்று கேட்டபோது துணைத் திருத்தொண்டர் இருவர், நாங்கள் காட்டிக்கொடுப்பவர்கள் அல்லர், வேண்டுமானால் எங்களைக் கொல்லச் சொல்லுங்கள் என்ற பொருளில் பதிலளித்தார்கள். ஆனால் வாசகர்கள் யாரென்று மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதிகாரிகள் வீடு வீடாகப் போனார்கள். ஒரு வீட்டில் நான்கு நூல்கள், ஒரு வீட்டில் எட்டு. இலக்கண ஆசிரியர் ஒருவரிடம் இரண்டு நூல்களோடு தைக்கப்படாத தாள்மடிப்புகளும் இருந்தன. இன்னொரு வீட்டில் வாசகரின் மனைவி ஆறு நூல்களை எடுத்துக் கொடுத்தார். கார்த்தேஜ் ஆயர் மென்சூரியுஸ் என்ன செய்தார் தெரியுமா? திருமறை நூல்களை மறைத்துவிட்டு, தவறான போதனையாளர்களின் நூல்களைக் கோவிலில் வைத்தார். வந்தவர்கள் அவற்றை எடுத்துப் போனார்கள்.

அதே வட ஆப்பிரிக்காவில், ஹிப்போ நகரில் கூடிய சங்கம் நூல்களின் பட்டியலை வரையறுத்தது 393இல். சிர்த்தா சோதனைக்குச் சரியாக 90 ஆண்டுகள் கழித்து! எந்த நூலை எரிக்கக் கொடுக்கலாம், எந்த நூலை உயிரே போனாலும் கொடுக்கக் கூடாது என்ற வேறுபாடு, எந்தத் தீர்மானமும் நிறைவேறும் முன்பே அந்த ஆயருக்கும் வாசகர்களுக்கும் தெரிந்திருந்தது. ஓரங்களில் ஐயங்கள் இருந்தன, அவை தீர நாளாயிற்று. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஹிப்போவில் கூடியவர்கள் எந்த நூலுக்கும் அதிகாரம் வழங்கவில்லை. தங்களை ஏற்கெனவே ஆண்டுகொண்டிருந்த நூல்களின் பெயர்களை எழுதினார்கள் என்பது என் துணிபு.

நம்மிடையே தீராத வேறுபாடு இன்னும் உண்டு. இந்த அரங்கில் 66 நூல்கள் கொண்ட வேதாகமத்தை வைத்திருப்பவர்களும், 1546இல் திரெந்து சங்கம் உறுதிசெய்த பட்டியலின்படி 73 நூல்கள் கொண்ட திருவிவிலியத்தை வைத்திருப்பவர்களும் அருகருகே அமர்ந்திருக்கிறீர்கள். அந்த வேறுபாட்டில் பாரூக்கின் பெயரால் வழங்கும் நூலும் ஒன்று. அதைப் பற்றி இந்த அமர்வுகளில் மறைக்காமல் பேசுங்கள். எரேமியாவின் இரண்டு வடிவங்களில் எதைத் திருச்சபை வாசிக்க வேண்டும் என்ற கேள்வியையும் தள்ளிப்போடாதீர்கள். இரண்டுமே வாசிக்கத் தக்கவை என்பது என் கருத்து. மறுப்பவர்களின் வாதத்தை ஆவலோடு கேட்கக் காத்திருக்கிறேன். பழைய ஏற்பாட்டு மூலபாடம் பற்றிய முதல் அமர்வுக்கான கட்டுரையாளர்களை மேடைக்கு அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.