ஆளுதல் அன்று, அறங்காவல்

(ஜெலுத்தோங் ஆலயத் திருவிழாவில் ஆற்றப்பெற்ற உரை)



ஆலயத்தை நிர்வகிப்போரைத் தர்மகர்த்தா என்றும் அறங்காவலர் என்றும் அழைப்பது தமிழர் மரபு. உடைமையாளர் என்று எவரும் அழைப்பதில்லை. உடைமை இறைவனுடையது, காவல் மட்டுமே மனிதருடையது. தலைமையின் இலக்கணம் இப்பெயரிலேயே அடங்கியுள்ளது.

இந்நாட்டு வரலாற்றில் இதற்குச் சான்றாக விளங்குபவர் துன் வீ. தி. சம்பந்தன். 1957இல் மலாயா விடுதலை பெற்ற காலத்தையொட்டி, வெள்ளையர் நிறுவனங்கள் தம் இரப்பர்த் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தலைப்பட்டன. தலைமுறை தலைமுறையாக உழைத்தோர் வேலையையும் குடியிருந்த வீட்டையும் ஒருங்கே இழந்தனர். அந்நிலையில், தொழிலாளரே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கும் நோக்குடன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது.

அவர் அமைச்சர், ம.இ.கா. தலைவர். ஆயினும் பால்மரம் சீவுவோரிடம் கட்டளையிட்டுப் பணம் பெற இயலாது. தோட்டந்தோட்டமாகச் சென்றார்; அவர்தம் மொழியிலேயே விளக்கினார்; 10 வெள்ளியாகச் செலுத்திப் பங்கு சேருமாறு வேண்டினார். வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசை மக்கள் நம்பிக் கொடுத்தனர். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று.

நம்பிக்கை வேறு, கண்மூடித்தனம் வேறு. கூட்டுறவில் பங்கு எத்தனையாயினும் உறுப்பினருக்கு ஒரு வாக்கே. தணிக்கை செய்த கணக்கைப் பொதுக்கூட்டத்தில் வைத்தாக வேண்டும். கேட்கும் உரிமை உள்ள இடத்தில்தான் கொடுக்கும் மனம் நிலைக்கும்.

இந்நெறி ஆலயத்திற்கும் பொருந்தும். சாவிக்கொத்து, கணக்கேடு, முடிவு ஆகிய மூன்றும் ஒருவர் கையிலேயே இருக்குமாயின், அவர் நேர்மையாளரேயாயினும் ஐயம் எழும். ஐயம் எழுந்தால் உண்டியல் மட்டுமன்று, கோயில் முற்றமும் வெறுமையாகும். உண்டியலைப் பலர் முன்னிலையில் திறந்து எண்ணுதல், திருவிழா வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுதல், அன்னதானப் பொறுப்பையும் அதற்குரிய பணத்தையும் இளைஞர் கையில் ஒப்படைத்தல் ஆகியவை சிறு செயல்களே. ஆனால் ஐயத்தை அகற்ற வல்லவை.

பொறுப்பைக் கொடுத்துவிட்டு அடிக்கடி குறுக்கிடுவது கொடுத்ததாகாது. முதலாண்டில் சோறு குழையலாம். பந்திக்குப் போதாமலும் போகலாம். அதைப் பொறுத்துக்கொண்டு, நேர்ந்த குறையை அமைதியாக எடுத்துரைக்கும் தலைவருக்கே அடுத்த ஆண்டில் தேர்வடம் பிடிக்கக் கைகள் கிடைக்கும்.

அத்தகைய தலைமை ஆலயந்தோறும் தழைக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.